வியோலுக்கு எழுதியதை வாசித்த ஞாயிறு

என் வீட்டில் பகலென்றும் இரவென்றும் பாராமல் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்காகவும் அது எரியவில்லை. முன்னறை மூலையில், என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரமாகச் சாய்ந்து நிற்கிற டபுள் பேஸுக்காக எரிகிறது. மலேசியாவில் உள்ள கேமரன் மலையின் ஈரத்தை ஊரில் இருந்து படிக்கிற உங்களுக்கு எப்படிச் சொல்வது? இரண்டு நாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படம் எடுத்துப் போகிறவர்களுக்கு இது குளுகுளு மலை. குடியிருக்கிறவர்களுக்குச் செருப்பில் பூஞ்சை, மடித்துவைத்த கல்யாணப் புடவையில் பூஞ்சை, பைபிள் அட்டையில் பூஞ்சை. பல்பை மூன்று நாள் அணைத்துவைத்தால் பேஸின் வயிற்றிலும் வெள்ளையாகப் படர்ந்துவிடும். நான் வந்த புதிதில் பக்கத்து வீட்டு பார்வதி அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். நான்கு தலைமுறையாக இந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற குடும்பம் அவருடையது. “ஏன் தங்கச்சி, சாமிக்கு வெளக்க முன்னுக்குத்தான வைப்பாங்க, நீ ஏன் பின்னுக்கு வச்சிருக்க?” என்று கேட்டார். இது சாமியில்லை, வாத்தியம், ஈரம் பிடிக்காமல் இருக்கத்தான் விளக்கு என்று சொன்னேன். நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள், ஃபிட்டர் சேவியர் கட்டிக்கொண்டு வந்த இந்தியாக்காரி பெரிய வயலினைக் கும்பிடுகிறாள் என்ற செய்தி தொழிலாளர் லைன் வீடுகள் பூராவும் பரவிவிட்டது.

நான் திண்டுக்கல்லில் பிறந்தவள். பள்ளிக்கூடத்து பாதிரியார் வைத்திருந்த சின்ன ஆர்க்கெஸ்ட்ராவில் உயரமான பெண் நான் ஒருத்திதான் என்பதால் டபுள் பேஸ் என் தலையில் கட்டப்பட்டது. வயலின் குடும்பத்தோடு சேர்ந்து நிற்கிற, ஆளைவிட உயரமான, நின்றுகொண்டே வில்லால் வாசிக்கிற வாத்தியம் அது. பதினெட்டு வயதில் சென்னைக்குப் போனேன். அங்கே இருபது வருடம் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்தேன். நீங்கள் முணுமுணுக்கிற பத்துப் பாட்டில் இரண்டிலாவது அடியில் நான் இருக்கிறேன். உங்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. “பேஸ் காதுல கேக்கக் கூடாதும்மா. இல்லேன்னா மட்டும் தெரியணும்” என்பார் எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர். அதை ஏதோ பெரிய பாராட்டு மாதிரி சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் சிரித்துவைப்பேன்.

ஒருநாள் ஸ்டூடியோவில் ஒரு கல்யாணப் பாட்டு. நான்கு முறை பாதியில் நின்றது. இரண்டாம் வரிசை வயலின்காரர் ஒருவர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சுருதி விலகினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு அது தெரியும், அவருக்கே தெரியும், எனக்கும் தெரியும். நடத்தியவர் கண்ணாடி அறையிலிருந்து, “பேஸ்! சுருதி எங்க போகுது? தூங்குறீங்களா?” என்று மைக்கில் கத்தினார். நாற்பது தலைகள் திரும்பின. அடுத்த நாள் அழைப்பு வேண்டுமே என்று “சாரி சார்” என்றேன். ஐந்தாம் முறை அந்த வயலின்காரர் திருத்திக்கொண்டார், பாட்டு சரியாக வந்தது. பேஸ்தான் தப்பு என்று எல்லாருக்கும் நிச்சயமாகிவிட்டது. தேநீர் இடைவேளையில் அதே வயலின்காரர் என்னிடம் வந்து பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். அந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்ட கையை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

கீபோர்டிலேயே பேஸ் சத்தம் வந்தபிறகு அழைப்புகள் குறைந்து, நின்றன. முப்பத்தெட்டு வயதில், உறவுக்காரர் வழியாக, மலேசியாவில் தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் சேவியரைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த மலைக்கு வந்தேன். “தேயிலை பறிக்கவா இவ்வளவு கத்துக்கிட்ட?” என்று ஊரில் கேட்டவர்கள் இப்போது “டுவின் டவர் பக்கத்துலயா வீடு?” என்று போனில் கேட்கிறார்கள். இரண்டுக்கும் எனக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை. இங்கே விசா அலுவலகத்தில் தொழில் என்ன என்று கேட்டாள் ஒரு பெண். இசைக்கலைஞர் என்றேன். யாருடைய கல்யாணங்களில் பாடுவீர்கள் என்றாள். பாடுவதில்லை, வாசிப்பேன், தனியாக ஒரு வாத்தியம் என்றேன். புரிந்ததாகச் சிரித்து, ‘சூரி ரூமா’ என்று எழுதிக்கொண்டாள். மலாயில் அதற்கு இல்லத்தரசி என்று அர்த்தம். அந்தக் காகிதத்தின்படிதான் நான் இந்த நாட்டில் பதினோரு வருடமாக இருக்கிறேன்.

வெள்ளைக்காரர் காலத்து பங்களா ஒன்றை இங்கே ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அங்கே தேநீர், ஸ்கோன் என்கிற ஒரு பன், ஸ்ட்ராபெரி ஜாம், கூடவே மூன்று பேர் வாசிக்கும் சங்கீதம். பியானோவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான லோ டீச்சர், வயலினுக்கு ஒருவர், பின்னால் நான். எட்டு வருடம் அப்படியே போயிற்று. விருந்தினர்கள் என்னோடு படம் எடுத்துக்கொள்ள வருவார்கள். “கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள், வாத்தியம் முழுசாகத் தெரியட்டும்” என்பார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஹோட்டல் மேனேஜர் ஜாஸ்மினிடம் போய், எனக்கு அரை மணி நேரம் தனியாகக் கொடுங்கள், பியானோவோடு ஒரு முழு சொனாட்டா வாசிக்கிறேன் என்றேன். சொனாட்டா என்பது ஒரு வாத்தியமும் பியானோவும் சரிசமமாகப் பேசிக்கொள்கிற, மெதுவும் வேகமுமாக மூன்று நான்கு பகுதிகள் உள்ள இசை. ஜாஸ்மின் யோசித்துவிட்டு, ஒருமுறை பார்க்கலாம், விருந்தினருக்குப் பிடித்தால் மாதத்தின் முதல் ஞாயிறு உங்களுக்கு, சுவரொட்டியில் பெயர் போடுகிறேன் என்றாள். நாற்பத்தொன்பது வயதில் முதல்முறையாக என் பெயர் ஒரு சுவரில் வரப்போகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேவியரிடம் அதை இரண்டு தடவை சொன்னேன்.

எதை வாசிப்பது? இங்கேதான் ஆத்திரம் தொடங்குகிறது. வயலினுக்கு எழுதிய சொனாட்டாக்களை அடுக்கினால் அலமாரி கொள்ளாது. உட்கார்ந்து வாசிக்கிற, பேஸைவிடச் சிறிய செலோவுக்கும் குறையில்லை. டபுள் பேஸுக்கென்று எழுதியவற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிடலாம். பெரிய பெரிய மேதைகளெல்லாம் பேஸை ஆர்க்கெஸ்ட்ராவின் அடியில் நிறுத்தி நூறு பக்கம் உழைக்க வைத்திருக்கிறார்கள், அதற்கென்று தனியாக நான்கு பக்கம் எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதனால் எங்கள் ஆட்கள் மற்றவர்களுடையதை எடுத்து, பேஸுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதி வாசிக்கிறார்கள். அப்படி எடுத்ததில் எனக்கு உயிரானது வியோலுக்கு எழுதியவை. வியோல் முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய வாத்தியம். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, உள்ளங்கை மேலே தெரிய வில்லைப் பிடித்து வாசிப்பார்கள். நம் வீணைக்கு மெட்டுகள் இருப்பதுபோல அதன் கழுத்திலும் குடல் நரம்பால் கட்டிய மெட்டுகள் இருக்கும். சன்னமான, மூக்கடைத்த மாதிரியான குரல். பெரிய மண்டபங்களும் சத்தமான வயலின்களும் வந்ததும் அதை மூலையில் போட்டுவிட்டார்கள். அதன் சொனாட்டாக்களை செலோ எடுத்துக்கொண்டது. செலோவை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. என் பேஸைப் பாருங்கள்: சரிந்த தோள், தட்டையான முதுகு, கம்பிக்குக் கம்பி சுருதி வைக்கும் முறை, எல்லாம் வியோலின் சாயல். ஏறக்குறைய ஒரே ரத்தம். அந்தச் சங்கீதத்தை நான் வாசித்தால் மட்டும், “ஓ, இரவலா?” என்று முகம் சுளிக்கிறார்கள்.

ஜாஸ்மினும் அதைத்தான் கேட்டாள். “அப்போ இது ஒரிஜினல் இல்லையா? எங்கள் விருந்தினர்கள் ஒரிஜினல்தான் எதிர்பார்ப்பார்கள்.” அவள் கையில் இருந்த மெனு அட்டையில், மலையின் ஒரிஜினல் தேநீர் என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. தேயிலை இந்த மலையில் தானாக முளைத்ததா? விதையைக் கொண்டுவந்து போட்டார்கள், பறிக்க ஆளையும் கப்பலில் கொண்டுவந்து போட்டார்கள். செடி ஒரிஜினல் ஆகிவிட்டது. ஆள் ஆகவில்லை. பார்வதி அக்கா ஏதோ ஒரு விண்ணப்பப் பாரத்துக்காக ஒரு கவுண்டரில் நின்றபோது, உள்ளே இருந்தவன் ‘பெண்டாத்தாங்’, அதாவது வந்தேறி, என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். அக்காவின் அப்பா இங்கே பிறந்தவர், தாத்தா இங்கே பிறந்தவர். “நீங்க என்னக்கா சொன்னீங்க?” என்று கேட்டேன். “என்னத்த சொல்ல? பாரத்த வாங்கிட்டு வந்துட்டேன் லா. நேரமாச்சு, லோரி போயிடும்ல” என்றார். அவன்மேல் வந்த கோபத்தைவிட அக்காவின் நிதானத்தின்மேல் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. பிறகு பிஸ்கட் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

வியோல் சொனாட்டா ஒன்றின் இசைப்புத்தகங்களை வரவழைத்தேன். இனி சொல்லப்போவது பேஸ்காரர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய ஒரு கோளாறு என்பதால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். டபுள் பேஸைத் தனியாக வாசிப்பவர்கள் பலர் நான்கு கம்பிகளையும் ஒரு முழு ஸ்வரம் மேலே ஏற்றிக் கட்டுவார்கள். குரல் கொஞ்சம் கூர்மையாகி, பியானோவைத் தாண்டிக் கேட்கும். விரல் வைப்பது, படிப்பது எதுவும் மாறாது. காகிதத்தில் டி மைனர் என்ற சுருதியில் படிப்பார்கள், காதில் அதற்கு ஒரு ஸ்வரம் மேலே ஈ மைனர் விழும். அதனால் பேஸுக்குப் புத்தகம் ஒன்று, பியானோவுக்கு இரண்டு. கம்பியை ஏற்றிக் கட்டியவரோடு வாசிக்க ஒன்று, சாதாரணமாகக் கட்டியவரோடு வாசிக்க இன்னொன்று. நான் ஏற்றிக் கட்டுவதில்லை. இந்த ஈரத்தில் ஒருமுறை பேஸின் வயிற்று ஒட்டு விட்டுப்போய், கோலாலம்பூரில் ஒட்டிக் கொடுத்தவர் இனிமேல் இழுத்துக் கட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அதுவும் போக, உன் குரல் கேட்க வேண்டுமானால் நீ உன்னை முறுக்கிக்கொள் என்கிற அந்த யோசனையே எனக்கு ஆகாது. லோ டீச்சரும் நானும் மூன்று மாதம் பழகினோம். அவருடைய புத்தகம் பென்சில் குறிகளும் மைலோ பானத்தின் கறையுமாக, ஓரம் சுருண்டு, பார்க்கவே பாவமாக ஆகிவிட்டது. இன்னொரு புத்தகம் என் வீட்டு அலமாரியில் அப்படியே இருந்தது.

கச்சேரிக்கு நான்கு நாள் இருக்கும்போது லோ டீச்சர் பாசி பிடித்த படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே கீழே ஈப்போ நகரத்தில் உள்ள யோங் என்பவருக்குப் போன் செய்து ஏற்பாடு செய்தார். ஐம்பது வயதுக்காரர், பாடகர்களுக்கும் இசைப் பரீட்சைக்கு வாசிக்கிறவர்களுக்கும் பக்கவாத்தியமாகவே பியானோ வாசித்து வாழ்கிறவர். புத்தகத்தை அனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறேன் என்றார். டீச்சரின் கறை படிந்த புத்தகத்தை அனுப்ப எனக்கு வெட்கமாக இருந்தது. தோட்டத்துக்காரி இப்படித்தான் வைத்திருப்பாள் என்று நினைத்துவிடுவாரே. அலமாரியில் இருந்த சுத்தமான புத்தகத்தை எடுத்து சேவியரிடம் கொடுத்தேன். அவர் கம்போங் ராஜா ஊரில் காசிம் பாய் கடையில் ஸ்கேன் செய்து வாங்கிவந்தார். பாய் மிக அழகாக, ஒரு நிழல்கூட விழாமல் செய்து கொடுத்திருந்தார். திறந்துகூடப் பார்க்காமல் யோங்குக்கு அனுப்பினேன். யாருக்கும் உபயோகப்படாததால்தான் அது சுத்தமாக இருந்தது என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

அந்த ஞாயிறு யோங் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் வந்து சேர்ந்தார். ஒத்திகைக்கு நேரமில்லை. கை குலுக்கினோம், சுருதி சேர்த்தேன், அவ்வளவுதான். கூடம் நிறைந்திருந்தது. பார்வதி அக்காவையும் லைனில் இருந்து நான்கு பெண்களையும் அழைத்திருந்தேன். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து வந்திருந்தார்கள். முன்னால் காலி மேசைகள் இருந்தும் அவர்களைச் சமையலறைக் கதவோரம் உட்காரவைத்திருந்தார்கள். அதைப் பார்த்த கோபத்தோடுதான் வில்லை எடுத்தேன். முதல் பகுதியில் பியானோவும் பேஸும் ஒன்றாக ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தோம். அரைத்த மாவில் மண் விழுந்த மாதிரி இருந்தது. அவர் ஈ மைனரில் இருக்கிறார், நான் ஒரு ஸ்வரம் கீழே டி மைனரில் இருக்கிறேன். முன்வரிசையில் ஒரு பெண் காதைப் பொத்துவதற்குக் கையைத் தூக்கி, நாகரிகம் கருதித் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். இரண்டாவது வரிக்குள் எனக்குப் புரிந்துவிட்டது. எந்தப் புத்தகம், யார் எடுத்தது, யார் அனுப்பியது, எல்லாம். கூடத்தில் இருந்த ஒவ்வொரு முகமும் என்னைத்தான் பார்த்தது. சுருதி விலகினால் பேஸ்தானே.

யோங் கையை எடுத்தார். எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “மன்னிக்க வேண்டும். தவறு என்னுடையது. தவறான புத்தகத்தைக் கொண்டுவந்துவிட்டேன்.” பிறகு என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், “டி மைனரா?” என்று கேட்டார். தலையாட்டினேன். அப்போது நான் வாய் திறந்திருக்கலாம். நேரம் இருந்தது. இல்லை, புத்தகத்தை அனுப்பியது நான்தான் என்று ஒரே ஒரு வாக்கியம். சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. முப்பது வருட வாசிப்பில் எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்ட முதல் மனிதர். கூட்டம் என்னை அனுதாபத்தோடு பார்த்தது, அந்த அனுதாபத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

அவர் உட்கார்ந்து, ஈ மைனரில் அச்சடித்ததைக் கண்ணால் படித்து, கையால் ஒரு ஸ்வரம் கீழே வாசித்தார். நான்கு பகுதிகளையும். எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், அங்கே வேறு யாருக்கும் தெரியாது. இரண்டாம் பகுதி வேகமானது. மூன்று இடத்தில் தடுமாறினார். ஒவ்வொரு தடுமாற்றத்திலும் ஜாஸ்மின் உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். மூன்றாம் பகுதி மெதுவானது. அதில் அவர் எனக்கு அடியில் விரித்துக் கொடுத்தார், நான் மேலே போனேன். என் பேஸ் அந்தக் கூடத்தின் கடைசிச் சுவர் வரை கேட்டது, சமையலறைக் கதவு வரை கேட்டது. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். யோங் பியானோவின் மூடியை இறக்கி, தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது பார்வதி அக்கா என் கன்னத்தை வழித்து, “நம்ம ஃபேக்டரி ரோலர் மாதிரி நெஞ்சுக்குள்ள ஓடுச்சு தங்கச்சி. அந்தச் சீனக்காரருதான் நடுவுல தடுமாறிட்டாரு, பாவம்” என்றார்.

ஜாஸ்மின் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மாதத்தின் முதல் ஞாயிறு உங்களுக்குத்தான், அந்தப் பியானோக்காரரை மட்டும் இனி கூப்பிடப்போவதில்லை, நீங்கள்தான் காப்பாற்றினீர்கள் என்றாள். “தப்பு என்னுடையது. புத்தகத்தை அனுப்பியது நான்” என்றேன். அவள் சிரித்தாள். “நீங்கள் இந்தியர்கள் எல்லாருமே ரொம்பத் தன்னடக்கம்.” நான் மறுபடி சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. அவள் என் தோளைத் தட்டி, “அவரைக் காப்பாற்ற வேண்டிய அவசியமில்லை” என்றாள். இருபது வருடம் என்னுடையதல்லாத தப்பை எல்லாரும் உடனே நம்பினார்கள். இன்றைக்கு என்னுடைய தப்பை நானே சொல்லியும் நம்ப ஆளில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பூங்கொத்தை வீட்டுக்கு வரும் வழியில் யாரும் பார்க்காமல் வடிகாலில் போட்டேன்.

மறுநாள் யோங்குக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “எனக்குத் தெரியுமே. ஏற்றிக் கட்டியவருக்கான புத்தகம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. நீங்கள் கம்பியை ஏற்றிக் கட்டியிருப்பீர்கள் என்று நினைத்துவிட்டேன், கேட்டிருக்க வேண்டும்” என்றார். பிறகு ஏன் பழியை ஏற்றீர்கள் என்று கேட்டேன். “ஜனங்கள் நிற்கிறவரைப் பார்க்க வருகிறார்கள். என் முதுகு மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். முதுகுக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் வேலையே அதுதானே” என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, “அப்படிச் சொல்லாதீங்க! அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நாசமாப் போனோம்!” என்று தமிழில் கத்திவிட்டேன். அவருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. நான் இன்னும் அழுது மன்னிப்புக் கேட்பதாக நினைத்து, பரவாயில்லை, பரவாயில்லை என்று ஆறுதல் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து சுவரொட்டி வந்தது. ஹோட்டல் வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் பெயர், ஸ்டெல்லா, பெரிய எழுத்தில். அடியில் ‘சென்னை, இந்தியா’. பியானோவுக்கு யார் என்றே இல்லை. ஜாஸ்மினிடம் போனேன். யோங் வர வேண்டும், அவர் பெயரும் இதே அளவில் இருக்க வேண்டும், போன தடவை நடந்தது என் தவறு என்று ஆரம்பிக்கும் முன்னால் நானே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் வரமாட்டேன் என்றேன். “பியானோக்காரர் பெயரை யார் படிக்கிறார்கள் லா? அச்சடித்தாயிற்று. யாராவது ஒருவரைப் பிடித்துவிடுவோம்” என்றாள். நான் வரமாட்டேன் என்றேன். அவள் பரிவோடு என்னைப் பார்த்து, “வாத்தியத்தைக் கொண்டுவருவது சிரமமாக இருக்கிறதா? வேன் அனுப்பட்டுமா?” என்று கேட்டாள். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். இங்கே கும்பிட்டால் நன்றி என்று எடுத்துக்கொள்வார்கள்.

சேவியர் குதித்தார். “ஒனக்கு மண்டை கழண்டு போச்சா ஸ்டெல்லா? இத்தன வருசமா இதுக்குத்தான அழுத? ஒரு பேரு போடமாட்டாளாம், அதுக்கு இவ்ளோ ரோசமா? சும்மா போய் வாசிச்சிட்டு வா லா.” முதல் ஞாயிறு ஈப்போ போய் யோங்கோடு வாசிக்கப்போகிறேன் என்றேன். சென்னை ஸ்டூடியோவில் நடந்ததை முதல்முறையாக அவரிடம் சொன்னேன், பிஸ்கட் உட்பட. கேட்டுவிட்டுக் கைவிரல்களில் இருந்த கிரீஸைத் துடைத்தார். பிறகு எழுந்து போய், பார்வதி அக்கா வீட்டுக்காரரின் லோரியைக் கேட்டுவிட்டு வந்தார். “ஈப்போவுக்குத்தான? காலையில போலாம். சென்னையாம், இந்தியாவாம். லைன்ல இருக்குறவள எங்கேருந்தோ எறக்குன மாதிரி போட்டிருக்கா பாரு” என்றார். அவருக்கு ரோசம் வந்தது அந்த இடத்தில்தான்.

முதல் ஞாயிறு ஈப்போவில் வெயில் கொளுத்தியது. யோங்கின் வீடு ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிறது. சேவியரும் லோரிக்காரரும் பேஸைக் குறுகிய படிக்கட்டில் தூக்கிவந்து, வியர்வையோடு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். லோ டீச்சரின் கறை படிந்த புத்தகத்தை யோங்கிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பென்சில் குறியாகப் படித்து, “இதை முதலிலேயே அனுப்பியிருக்கலாமே” என்றார். அனுப்பியிருக்கலாம். மூன்று மணி ஆயிற்று. மலைமேல் இந்நேரம் ஸ்கோன்கள் மேசைக்கு வந்திருக்கும், வாசலில் என் பெயரைப் படித்துவிட்டு ஜனங்கள் உள்ளே போய்க்கொண்டிருப்பார்கள். சென்னையில் இருபது வருடம் நான் இருந்தேன், என் பெயர் இல்லை. இன்றைக்கு மலைமேல் என் பெயர் இருக்கிறது, நான் இல்லை. பியானோவின் மேல் வைத்திருந்த என் போன் அதிர ஆரம்பித்தது, ஜாஸ்மின். நின்றது, மறுபடி அதிர்ந்தது. யோங் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வில்லைக் கம்பியில் வைத்தேன். அது அதிர்ந்துகொண்டே இருக்க, இருவரும் ஒன்றாக ஆரம்பித்தோம்.